கைநடுக்கமும் கையில கட்டுற கருவியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி, கை நடுங்கி உடம்பு மந்தமாகிற பார்க்கின்சன் வருத்தத்தைப் பத்தி, அதுலயும் அசைவை அளக்க கையில கட்டுற சென்சர், ஸ்மார்ட் வோச் இதெல்லாம் பிரயோசனமா இல்லையான்னு. வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்க "வாங்கி அனுப்பவா"ன்னு கேக்குற காலம் இது, அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன். நான் பிசியோதெரபி பக்கம் வேலை பாக்குறவன், குளிசை கூட்டுறது குறைக்கிறது என் வேலை இல்ல, அத முதல்லயே சொல்லிர்றேன்.

பொகவந்தலாவை வாசகி ஒருத்தங்க: அண்ணே, அப்பாவுக்கு 67 வயசு, ஸ்டோர்ல வேலை செஞ்சவரு. நாலு வருஷமா பார்க்கின்சன், கண்டியில கிளினிக் காட்டுறோம். வீட்டுல பகல் பதினொரு மணி ஆச்சுன்னா கால் நகராது, சட்டை பட்டன் போட முடியாது, சாயந்திரம் உடம்பு தானா நெளியுது. ஆனா கிளினிக்ல "நடந்து காட்டுங்க"ன்னா விறுவிறுன்னு நடந்து காட்டிர்றாரு. டொக்டர் எங்கள ஒரு மாதிரி பாக்குறாரு, நாங்க பொய் சொல்றோம்னு நெனைப்பாரோன்னு இருக்கு. கனடாவுல இருக்கிற சித்தப்பா மகன் சென்சர் வாங்கி அனுப்பவான்னு கேக்குறான். வாங்கலாமா?

நீங்களும் பொய் சொல்லல தங்கச்சி, அப்பாவும் நடிக்கல. ரெண்டு விஷயம் சேர்ந்து இப்பிடி ஆகுது. ஒண்ணு, இந்த வருத்தத்துக்கு குடுக்கிற லெவோடோப்பா குளிசை ரத்தத்துல ரொம்ப நேரம் நிக்காது, சுமார் ஒண்ணரை மணித்தியாலத்துல பாதியா குறைஞ்சிரும். வருத்தம் புதுசா இருக்கிறப்ப மூளையே அசைவுக்கு வேண்டிய டோபமீன்ங்கிற இரசாயனத்தை கொஞ்சம் சேர்த்து வச்சு சமாளிச்சுக்கும், வருஷம் போகப்போக அந்த சேமிப்பு இல்லாம போயிரும், அப்புறம் குளிசை ஏறுறப்ப நல்லா இருப்பாரு, இறங்குறப்ப கட்டிப்போட்டுரும். ஒன் டைம், ஓஃப் டைம்னு கிளினிக்ல சொல்றது இதத்தான். நீங்க விடியக்காலை பஸ் ஏறி, போற வழியில குளிசையும் குடுத்து, டொக்டர் கூப்பிடுற நேரம் அவரு ஒன்ல இருந்தா நல்லாத்தான் நடப்பாரு. ரெண்டாவது, ஒருத்தர் பாக்குறப்ப, அதுவும் டொக்டர் பாக்குறப்ப, இந்த நோயாளிங்க கவனத்தைக் குவிச்சு கொஞ்ச நேரத்துக்கு நல்லாவே செஞ்சு காட்டிருவாங்க, அது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான்.

டொக்டருக்கும் வேற வழி இல்ல. கிளினிக்ல விரலைத் தட்டச் சொல்லி, கையை விரிச்சு மூடச் சொல்லி, கதிரையிலருந்து எழும்பச் சொல்லி ஒவ்வொண்ணுக்கும் 0 லருந்து 4 வரைக்கும் புள்ளி போடுற முறைதான் உலகம் பூரா. அது நல்ல முறைதான், ஆனா அந்த பத்து நிமிஷத்தைத்தான் அது அளக்குது, மூணு மாசத்துல மிச்ச நேரம் எல்லாம் நம்ம வாய்வார்த்தை. "பரவாயில்ல டொக்டர்"னு நம்ம ஆளுங்க சொல்லிட்டு வந்துருவாங்க, வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வரும்.

சென்சர் வந்தது இந்த இடைவெளிய நிரப்பத்தான். மெல்பேர்ன்ல உருவான பர்சனல் கைனெட்டிகிராஃப்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா பி.கே.ஜி. வருத்தம் கூடின கையில சுமார் ஆறு நாள் கட்டிவிடுவாங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா கை எவ்வளவு மந்தமா இருக்கு, எவ்வளவு தேவையில்லாம நெளியுதுன்னு கணக்கு போட்டுக்கிட்டே இருக்கும், குளிசை நேரத்துக்கு அதிர்ந்து ஞாபகப்படுத்தும், குடிச்சதும் அதைத் தொட்டு குடிச்சிட்டேன்னு பதியணும். கடைசியா டொக்டர் கைக்கு ஒரு வரைபடம் போகும், அதுல குளிசை நேரமும் உடம்பு நெலையும் ஒரே தாள்ல. பதினொரு மணிக்கு இறங்குறதும் சாயந்திரம் நெளியுறதும் அதுல கண்ணுக்கு தெரியும். இன்னொண்ணு கிரேக்க நாட்டுல செஞ்ச பி.டி. மொனிட்டர், ரெண்டு கை, ரெண்டு கால், இடுப்புன்னு அஞ்சு இடத்துல மாட்டுறது. இங்கிலாந்துல நைஸ்ங்கிற அரசு சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில இந்த ரெண்டோட சேர்த்து அஞ்சு கருவிய பாவிக்கலாம்னு சொல்லிச்சு, ஆனா பாவிச்சுக்கிட்டே இன்னும் தகவல் சேருங்கன்னு ஒரு நிபந்தனையோடதான். அதுலருந்தே விளங்கும், இது இன்னும் முடிஞ்சு போன கதை இல்ல.

இப்ப வாங்கலாமாங்கிறதுக்கு வர்றேன். மருத்துவத்துக்குன்னு செஞ்ச இந்த சாமான் கடையில வாங்கி கையில கட்டிக்கிறதுக்கு இல்ல, அதுக்கு கம்பனி சொஃப்ட்வெயர் வேணும், ரிப்போர்ட் படிக்க பழகின டொக்டர் வேணும். உங்க டொக்டர்கிட்ட "இப்பிடி ஒரு ரிப்போர்ட் கொண்டு வந்தா பாப்பீங்களா"ன்னு முதல்ல கேளுங்க. அவரு பாக்கமாட்டேன்னா அந்த காச கண்டிக்கு கிளினிக் போக வர வேன் பிடிக்க வச்சுக்கிறது மேல், இது என் அபிப்பிராயம்.

அதுவரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்ல. ஒரு கொப்பி எடுத்து, அடுத்த கிளினிக்குக்கு முந்தின வாரத்துல மூணு நாளைக்கு மட்டும், காலையில எழும்புறதுலருந்து படுக்குற வரைக்கும் அரை மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம் போடுங்க. கட்டத்துல நாலே எழுத்துதான்: ந நல்லா இருக்காரு, க கட்டிப்போச்சு, நெ நெளியுறாரு, தூ தூங்குறாரு. குளிசை குடிச்ச நேரத்துல சிவப்பு கோடு, சாப்பிட்ட நேரத்துல ஒரு புள்ளி. அப்புறம் போன்ல வீடியோ, பதினொரு மணிக்கு ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. எடுக்குறப்ப "கடைசி குளிசை காலையில ஏழு மணிக்கு, இப்ப பதினொண்ணு அஞ்சு"ன்னு வாயால சொல்லி ஆரம்பிங்க, கால் பாதம் தெரியணும், முகத்தை மட்டும் எடுத்துட்டு வந்தா ஒண்ணும் விளங்காது. கதிரையிலருந்து எழும்பி, கொஞ்சம் நடந்து, திரும்பி வரச் சொல்லுங்க, அப்புறம் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பத்து தரம் பெருசா வேகமா தட்டச் சொல்லுங்க. ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும், வீடியோ எடுக்குறவரு பிடிக்க முடியாது.

புள்ளி எதுக்குன்னா, பருப்பு, முட்டை, கருவாடு, பால் இந்த மாதிரி புரதம் கூடின சாப்பாடு லெவோடோப்பா உடம்புல சேர்றதுக்கு போட்டியா நிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி குளிசைன்னு பொதுவா சொல்றது அதுக்குத்தான், சில பேருக்கு வெறும் வயித்துல குமட்டும், அவங்க டொக்டர்கிட்ட கேட்டு ஒரு மேரி பிஸ்கட்டோட எடுத்துக்கலாம். பதினொரு மணி பிரச்சினை குளிசை இடைவெளியாலயா, காலையில ரொட்டிக்கு தொட்டுக்கிற பருப்பாலயான்னு கொப்பிய பாத்தா டொக்டருக்கு ஓரளவு பிடிபடும். நீங்களா குளிசைய கூட்டாதீங்க, கோவத்துல ஒரேயடியா நிப்பாட்டவும் செய்யாதீங்க, திடீர்னு நிப்பாட்டினா காய்ச்சல், உடம்பு விறைப்புன்னு ஆபத்தா போயிரும்.

ஹட்டன், ஐ.டி. படிக்கிற தம்பி: வோச்சுக்கு எப்பிடி இது பார்க்கின்சன் நடுக்கம்னு தெரியும்? நுவரெலியா பஸ்ல போனா எனக்கே கை ஆடுது!

நல்ல கேள்வி தம்பி. உள்ள இருக்கிறது ரெண்டு சின்ன சில்லு. அக்செலரோமீட்டர்ல சிலிக்கன்ல செஞ்ச ஒரு குட்டி எடை தொங்குது, டிரைவர் பிரேக் போட்டா நாம முன்னால சாயுறோமே அது மாதிரி கை ஆடுறப்ப அதுவும் நகரும், நகர்ற அளவு மின்சார மாற்றமா பதியும். ஜைரோஸ்கோப் கை எவ்வளவு வேகமா சுழலுதுன்னு பாக்குது. செக்கனுக்கு அம்பது, நூறு தடவைன்னு இந்த ரெண்டையும் எழுதிக்கிட்டே இருக்கும், அப்புறம் அந்த அலைய எந்த வேகத்துல ஆட்டம் கூடுதலா இருக்குன்னு பிரிச்சுப் பாக்கும், நீங்க படிச்ச ஃபூரியே கணக்குத்தான்.

பார்க்கின்சன்ல கை சும்மா மடியில கிடக்குறப்ப வர்ற நடுக்கம் செக்கனுக்கு 4 லருந்து 6 தடவை, அதாவது 4-6 ஹேர்ட்ஸ். நடக்குறது ரெண்டு ஹேர்ட்ஸ் கிட்ட, அதனால இத தனியா பிரிச்சிரலாம். பஸ்தான் தொல்லை, ஏன்னா சீட்டுல உக்காந்திருக்கிற மனுஷ உடம்பு மேலயும் கீழயுமா கூடுதலா குலுங்குறதும் ஏறக்குறைய அதே 4-6 ஹேர்ட்ஸ்லதான். ஆனா பார்க்கின்சன் கை பெரும்பாலும் மணிக்கட்டுலருந்து உருளுற மாதிரி சுழலும், ஒரே சீரா நிமிஷக்கணக்குல போகும், பஸ் குலுக்கல் ஒவ்வொரு குழிக்கும் ஒரு மாதிரி, அதனால ஜைரோஸ்கோப்பையும் சேர்த்து பாத்தா ஓரளவு பிரிக்கலாம். ஓரளவுன்னுதான் சொல்றேன். பல்லு வெளக்குறது, தேங்கா திருவுறது, மலையில கொழுந்து எடுக்குறது எல்லாமே கை திரும்பத் திரும்ப வேகமா ஆடுற வேலை, அது வேலையா வருத்தமான்னு கருவிக்கு மனசா இருக்கு புரிஞ்சுக்க? அதனாலதான் கருவி கட்டுறவங்களும் எத்தனை மணிக்கு பஸ், எத்தனை மணிக்கு மலைன்னு எழுதி வைக்கணும்னு நான் சண்டை போடுறேன்.

அப்பிள் வோச்லயும் பார்க்கின்சன் நடுக்கத்தையும் நெளியுறதையும் அளக்குற வசதி இருக்கு, அத வச்சு செஞ்ச ஸ்ட்ரைவ் பி.டி.ங்கிற செயலிக்கு அமெரிக்காவுல 2022ல அனுமதி கெடைச்சுது. கவனிங்க, வருத்தம் இருக்குன்னு ஏற்கனவே தெரிஞ்சவங்களோட நெலைய தொடர்ந்து பாக்கத்தான் அது. உங்களுக்கு வருத்தம் இருக்கு இல்லன்னு அது தீர்ப்பு சொல்லாது, பஸ்ல ஆடுனதுக்காக நீங்க பயப்பட வேணாம்.

பண்டாரவளை வாசகர்: அம்மாவுக்கு 60 வயசு. பிளேன்டி கோப்பைய தூக்குனா கை நடுங்கி ஊத்திருது. பெரியம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. போன்லயே நடுக்கத்தை அளக்கலாமாமே, அளந்து பார்க்கின்சனான்னு கண்டுபிடிக்கலாமா?

அளக்கலாம் ஐயா, கண்டுபிடிக்க முடியாது. ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகத்துல செஞ்ச ஃபைஃபொக்ஸ்னு ஒரு இலவச செயலி இருக்கு, அதுல அக்செலரேஷன் ஸ்பெக்ட்ரம்ங்கிறதை தட்டிட்டு போனை அம்மா கையில குடுத்தா எத்தனை ஹேர்ட்ஸ்ல ஆடுதுன்னு ஒரு கூர்முனை காட்டும். ஆனா அந்த நம்பரை வச்சு மட்டும் சொல்ல ஏலாது, ஏன்னா குடும்பத்துல ஓடுற சாதாரண நடுக்கம், எசென்ஷியல் ட்ரெமர்னு சொல்றது, 4 லருந்து 12 வரைக்கும் எதுலயும் வரும், வயசு போகப்போக வேகம் குறைஞ்சு பார்க்கின்சன் எல்லைக்குள்ளயே வந்து நிக்கும்.

நம்பரை விட எப்ப ஆடுதுங்கிறதுதான் முக்கியம். கை சும்மா இருக்கிறப்ப ஆடி, கோப்பைய தூக்க போறப்ப கொஞ்சம் அடங்குனா, அதுவும் ஒரு பக்கம் மட்டும் தொடங்குனா, பார்க்கின்சன் பக்கம் சந்தேகம். மடியில கை அசையாம இருந்து, தூக்குறப்ப ரெண்டு கையும் ஆடுனா, பெரியம்மாவுக்கும் இருந்துச்சுன்னா, குடும்பத்துல ஓடுற அந்த நடுக்கம் பக்கம். நீங்க எழுதினது ரெண்டாவதுக்கு கிட்ட. கூடவே நடை மெதுவாகி இருக்கா, கையெழுத்து சின்னதாகிட்டே போகுதா, வாசம் தெரியலயா, மலச்சிக்கல் இருக்கான்னும் பாருங்க, இதெல்லாம் வோச்ல தெரியாது.

இன்னொண்ணு, இத நான் அடிச்சு சொல்லுவேன்: அம்மா குடிக்கிற எல்லா குளிசையையும் ஒரு பையில போட்டு டொக்டர்கிட்ட கொண்டு போங்க. தலைசுத்துக்கு குடுக்கிற புரோகுளோர்பெராசின், சினரிசின், வாந்திக்கு குடுக்கிற மெட்டோகுளோபிரமைட் இதெல்லாம் மாசக்கணக்குல குடிச்சா அப்பிடியே பார்க்கின்சன் மாதிரி விறைப்பும் நடுக்கமும் வரும். நம்ம பக்கம் "தலை சுத்துது"ன்னு ஒருக்கா வாங்கின மருந்து துண்டை வச்சே பார்மசியில திரும்பத் திரும்ப வாங்குறவங்க நெறைய. டொக்டர் சொல்லி நிப்பாட்டினா பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல, சில பேருக்கு சில மாசத்துல குறைஞ்சிரும். எந்த சென்சரும் இத சொல்லாது, குளிசை பைதான் சொல்லும்.

கொட்டகலை வாசகி: எங்க தாத்தா காம்பரா வாசப்படியில வந்தா அப்பிடியே நின்னுருவாரு, இழுத்தாலும் வராது. ஆனா கோச்சி ரோட்டுல சிலிப்பர் கட்டை மேல நல்லா நடக்குறாரு! வேணும்னே செய்யுறாருன்னு மாமா ஏசுறாரு.

மாமாவ ஏச வேணாம்னு சொல்லுங்க. வாசல், குறுகின இடம், திரும்புற இடம் இங்கெல்லாம் கால் உறைஞ்சு நிக்கிறது இந்த வருத்தத்தோட அடையாளம். சிலிப்பர் கட்டையில நடக்குறதும் அதே வருத்தத்தோட அதிசயம்தான்: தானா நடக்குறதுக்கு மூளைக்குள்ள இருந்து வர்ற கட்டளைதான் பழுதாகியிருக்கு, கண்ணு முன்னால கோடு கோடா இருந்தா ஒவ்வொரு அடியையும் பாத்து வைக்கிறாரு, அது வேற பாதை வழியா போகுது. படி ஏறுறப்ப சில பேர் தட்டுத்தடங்கல் இல்லாம ஏறுறதும் இதுனாலதான். அதுக்காக தாத்தாவ கோச்சி ரோட்டுக்கு அனுப்பிராதீங்க. வீட்டுக்குள்ளயே கோடு போடுங்க, இஸ்தோப்புலருந்து வாசப்படி தாண்டி உள்ள வரைக்கும் அவரோட நல்ல அடி அளவுக்கு இடைவெளி விட்டு வெள்ளை டேப் ஒட்டுங்க, சிமெந்து தரை சிவப்புன்னா நல்லா தெரியும். நின்னுட்டா கையை பிடிச்சு இழுக்காதீங்க, விழுந்துருவாரு. நிக்க விட்டு, எடைய இந்தக் கால் அந்தக் கால்னு மாத்தி, "ஒண்ணு ரெண்டு"ன்னு எண்ணி பெரிய அடியா வைக்கச் சொல்லுங்க.

சென்சர்ல இது தெரியுமான்னா, மணிக்கட்டுல கட்டுறதுல ஒழுங்கா தெரியாது. கணுக்கால்லயோ முழங்காலுக்கு கீழயோ கட்டணும். உறைஞ்சு நிக்கிறப்ப கால் வெளியில அசையாத மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள்ள முழங்கால் வெடவெடன்னு 3 லருந்து 8 ஹேர்ட்ஸ்ல ஆடும், நடக்குறப்ப ஆட்டம் 3க்கு கீழ. ரெண்டையும் வகுத்துப் பாத்து உறைஞ்ச நேரத்தை பிடிக்கிற முறைய 2008ல வெளியிட்டாங்க, இன்னைக்கும் நெறைய ஆராய்ச்சி அதை ஒட்டித்தான் போகுது. நம்ம தாத்தாவுக்கு இப்ப தேவை டேப்தான்.

பதுளை வாசகர்: வருத்தம் வர்றதுக்கு ஏழு வருஷம் முந்தியே வோச் சொல்லிருமாமே?

2023ல வேல்ஸ் நாட்டு கார்டிஃப் பல்கலைக்கழகத்துக்காரங்க வெளியிட்ட ஆய்வைத்தான் கேள்விப்பட்டிருக்கீங்க. பிரிட்டன்ல 1 லட்சத்து 3 ஆயிரத்துக்கு மேல ஆளுங்க ஒரு வாரம் கையில சென்சர் கட்டின பதிவை எடுத்து, பிற்பாடு யாருக்கு பார்க்கின்சன் வந்துச்சுன்னு ஒத்துப் பாத்தாங்க, வரப்போறவங்களோட அசைவு வருஷக்கணக்கா முந்தியே மெதுவாகி இருந்துச்சு. பெரிய விஷயம்தான். ஆனா அது கூட்டத்தை வச்சு பாத்தது, உங்க வோச் உங்களைப் பாத்து சொல்றது இல்ல. அதோட வருத்தத்தை வராம தடுக்கிற மருந்து இன்னைக்கு வரைக்கும் கெடையாது, அதனால நல்லா இருக்கிற மனுஷன் இத கட்டிக்கிட்டு ராத்திரி தூங்காம கெடக்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

நுவரெலியா வாசகி: மகன் வாங்கி குடுத்த சாதாரண ஸ்மார்ட் வோச்ல எங்க வீட்டுக்காரருக்கு நாள் முழுக்க நடந்தாலும் சில நூறு அடிதான் காட்டுது. வோச் பழுதா?

பழுது இல்லக்கா. சாதாரண வோச் கை வீசுறதையும் உடம்பு அதிர்றதையும் வச்சுத்தான் அடி எண்ணுது. பார்க்கின்சன்ல கை வீசுறது குறைஞ்சிரும், பாதத்தை தூக்காம தேய்ச்சு நடப்பாங்க, அதுக்கு மேல நுவரெலியா குளிருக்கு கைய ஸ்வெட்டர் பொக்கெட்ல போட்டுக்கிட்டா இல்ல குடை பிடிச்சா வோச்சுக்கு அவரு நடக்குறதே தெரியாது. வருத்தம் குறைஞ்ச கைக்கு மாத்திப் பாருங்க, அதுலயும் சரி வரலன்னா பட்டி நீளம் போதும்னா சொக்ஸ் மேல கணுக்கால்ல கட்டிப் பாருங்க, நம்பர் கூடும். கூடின நம்பரை பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோட ஒத்துப் பாக்காதீங்க, அவரோட போன வார நம்பரோட மட்டும் பாருங்க, அதுவும் கட்டின இடம் மாறாம இருந்தா மட்டும். படியும் ஏத்தமும் இருக்கிற பாதையில நல்ல ஆளுக்கே அடி குறுகும், அதனால ரோட்டுல நடந்த நாளையும் லயத்து படி ஏறி இறங்கின நாளையும் கலந்து கணக்கு போட்டுறாதீங்க.